தனிமைக்கு எத்தனை பெயர்?

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, ஆண்டவர் பாலைநிலத்தில் நாற்பது நாள் தங்கிய நற்செய்திப் பகுதியை வாசித்துவிட்டுத் தனிமையின் மாண்பைப் பற்றிச் சற்று நீண்டதொரு மறையுரை ஆற்றினோம். குருமடத்தில் பயின்ற இலத்தீன் அன்று நமக்குக் கைகொடுத்தது. 'சொலித்தூதோ' என்னும் சொல்லுக்குத் தனிமை என்றும் பொருளுண்டு, ஆளற்ற பாழ்நிலம் என்றும் பொருளுண்டு என விளக்கி, "தனிமையைத் தேடுங்கள், அதனை நேசியுங்கள்" என்று முடித்தோம். நம் சொல்வன்மையில் நமக்கே ஒரு நிறைவு இருந்ததை மறைப்பானேன்?

திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். பாலவாக்கத்தில் கடற்கரையை அடுத்த தெருவில் குடியிருப்பவர். கணவர் இறந்து பல்லாண்டுகள் ஆயின. மக்கள் இருவரும் அயல்நாட்டில். "தனிமை அவ்வளவு நல்லதா சாமி? எங்கிட்ட நிறைய இருக்கு. வேணுங்கறவங்க வந்தா கொஞ்சம் கொடுத்து அனுப்பறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாசக அன்பர்களே, அன்றிரவு ஆங்கில அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். இந்த ஒரு பொருளில் ஆங்கிலேயர் கொடுத்து வைத்தவர்கள். 'அலோன்' என்ற சொல் அருகில் எவருமில்லை என்ற செய்தியை மட்டுமே சொல்லும்; அதில் இன்பமுமில்லை, துன்பமுமில்லை. 'ஆல்', 'ஒன்' என்னும் இரு சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. முழுவதும் ஒருவராய் என்பது பொருள். அதன் முதலெழுத்தைக் கிள்ளியெறிந்த பின் எஞ்சியது 'லோன்'. அதற்கு வால் முளைத்து 'லோன்லி' ஆயிற்று. வலியெல்லாம் அந்த வாலில்தான் இருக்கிறது. 'லோன்லி' ஆனவர் திருமண வீட்டுப் பந்தியில் அமர்ந்திருந்தாலும் அப்படியேதான் இருப்பார். 'சாலிடூட்' என்பதோ நாம் பிரசங்கத்தில் மெச்சிய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பெரும்பாலும் ஒருவர் தாமே விரும்பித் தேடிக்கொள்வது. எகிப்து நாட்டில் வனத்து அந்தோணியார் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பாழடைந்த கோட்டையொன்றில் அடைந்து கிடந்து செபித்தாரே, அது. 'ஐசோலேஷன்' தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது: சுற்றிலும் நீர், கடக்கப் பாலமில்லை.

ஆக, நாம் 'சாலிடூட்'டைப் போற்றினோம்; அம்மையார் காதில் 'லோன்லினெஸ்' விழுந்தது. குற்றம் அவருடையதன்று.

நம் தமிழும் வறிய மொழியன்று. சங்கப் புலவர் 'தமியர்' என்றனர். கடலும் கடல்சார்ந்த நிலமுமான நெய்தலுக்கு இரங்கலையே உரிப்பொருளாக வைத்தனர். வடமொழி வழியே 'ஏகாந்தம்' வந்தது. 'திக்கற்றவர்' என்னும்போதே நெஞ்சு கனக்கிறது. சென்னைத் தெருக்களில் 'ஒண்டிக்கட்டை' என்கிறார்களே, அதில் இரக்கமும் கேலியும் கலந்தே ஒலிக்கின்றன. இத்தனை இருந்தும், மேடையிலும் ஏட்டிலும் எல்லாவற்றையும் 'தனிமை' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

2020-இல் கொரோனா பரவியபோது இதன் விளைவைக் கண்டோம். நோய் தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தால் ஒதுக்கி வைப்பது 'க்வாரன்டைன்'. நோயுற்றவரைப் பிரித்து வைப்பது 'ஐசோலேஷன்'. இரண்டையுமே நாளிதழ்கள் 'தனிமைப்படுத்துதல்' என்றன. மாநகராட்சியார் வீட்டு முகப்பில் ஒட்டிய அறிவிப்பைக் கண்டதும், அயலார் உள்ளிருப்பவர் அனைவரையுமே நோயாளிகளாக எண்ணி ஒதுங்கிச் சென்றனர். 'க்வாரன்டைன்' என்பது நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கப்பல்களை நாற்பது நாள் கரையணுகாமல் நிறுத்தி வைத்த வழக்கத்தால் ஏற்பட்டது. ஆண்டவரின் நாற்பது நாளும் கப்பலின் நாற்பது நாளும் ஒன்றல்லவே!

உலக நலவாழ்வு நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் 'லோன்லினெஸ்' என்னும் துயருக்கு ஆளாகியிருப்பதாகக் கூறுகிறது. உறவும் தொடர்பும் போதாமையை அது வேறாகவும், அதனால் நெஞ்சில் உண்டாகும் வலியை வேறாகவும் வைத்துப் பேசுகிறது. முன்னதை எண்ணிப் பார்த்துவிடலாம். நம் அம்மையாருக்கு எண்ணிப் பார்த்தால் குறைவொன்றுமில்லை: மக்கள் நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறார்கள், வீட்டு வேலைக்குப் பெண் வருகிறாள், அண்டை வீட்டார் நல்லவர்கள்.

அடுத்த முதல் வெள்ளியன்று அவர் இல்லத்திற்கு நற்கருணை கொண்டுசென்றபோது, அன்று பேசியதற்கு வருத்தம் தெரிவித்து, அகராதியில் கண்டவற்றையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எதிர்ல உட்கார்ந்து சாப்பிட ஆளில்லையே சாமி, அதுக்கு என்ன பேரு?" என்றார். அகராதியில் அது நமக்கு அகப்படவில்லை.

சென்ற வாரம் மாலையில் மீண்டும் போனோம். வீடு பூட்டியிருந்தது. கடற்கரைக்குப் போயிருப்பதாக அண்டை வீட்டுச் சிறுமி சொன்னாள். கரையேற்றி வைத்திருந்த படகுகளுக்கு அப்பால், அலையைப் பார்த்தபடி அவர் தனியே அமர்ந்திருந்தார், கையில் செபமாலை. எந்தச் சொல்லுக்குரிய தனிமை இது என்று அறியாமல் சற்றுத் தொலைவிலேயே நின்றுவிட்டோம். செபத்தைக் கலைப்பதா, பேச்சுத் துணையின்றி விட்டுப் போவதா? திரும்பிவிடலாம் என்று எண்ணிய வேளையில் அவரே நம்மைக் கண்டுகொண்டார். "அஞ்சு மணிதான் சாமி பாக்கி. முடிச்சிட்டு வரேன், இருங்க" என்றார். இருந்தோம்.