அயுத்தயாவுக்குப் போன துணி

பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் பாசஞ்சர் ரயிலில் போனால் அயுத்தயா. மூன்று ஆறுகள் சுற்றிவர, நடுவில் தீவாகக் கிடக்கும் பழைய தலைநகரம். 1351-இல் எழுந்தது, 1767-இல் பர்மியப் படை எரித்தது. 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாட் மஹாதாட்டில் மரவேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலையோடு படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் குத்தவைத்து உட்கார வேண்டும். அவர் தலைக்கு மேலே நம் தலை இருக்கக் கூடாது. நானும் உட்கார்ந்தேன். ஆனால் வடசென்னைக் கொருக்குப்பேட்டைக்காரனான என்னை இழுத்தது செங்கல் அல்ல, துணி.

அயுத்தயா அரசவையில் இன்னார் இன்ன துணிதான் உடுக்கலாம் என்று முறை இருந்தது. உயர்ந்த சித்திரத் துணிகள் பல, சோழமண்டலக் கரையில் தயாரானவை. சயாமிலிருந்து, அதாவது அன்றைய தாய்லாந்திலிருந்து, மாதிரி வரும். பூவும் கொடியும் தேவ உருவமும் இங்கே பருத்தியில் ஏறும். 1680களில் சென்னைக் கோட்டை வணிகர்களின் கப்பல்களும் சயாமுக்கு ஓடின. கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷனான வண்ணாரப்பேட்டை.

அயுத்தயா சந்தையில் ஒரு பாட்டி ஓலையில் மீன் பின்னிக்கொண்டிருந்தார். பெரிய மீனுக்குக் கீழே வரிசையாகக் குஞ்சுகள். சாயம் பூசித் தொட்டிலுக்கு மேலே தொங்கவிடுவார்கள். அவ்வூர் முஸ்லிம் குடும்பங்களின் கைத்தொழில் அது. ரொட்டி சாய்மாயும் அவர்கள் கைப்பக்குவம்தான்: மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சுமிட்டாய் மாதிரி சர்க்கரை நூலை வைத்துச் சுருட்டித் தருகிறார்கள்.

தின்றுகொண்டே நடந்தபோது எங்கள் பக்கத்து அத்தோ கடைகள் ஞாபகம் வந்தன. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் போட்டுக் கையால் பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப்பும் ஊற்றுவார்கள். அயுத்தயாவை எரித்தவர்கள் நாட்டுச் சாப்பாடு எங்களுக்குச் சாயங்காலப் பலகாரம். ராஜாக்களின் பகை அடுப்படி வரை வருவதில்லை.

பழைய ஊர் என்றால் இடிபாடு இருக்க வேண்டும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். கல்லில் வேலை செய்தவனுக்குச் சாட்சி நிற்கிறது. தண்ணீரில் நின்று துணி வெளுத்தவனுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அயுத்தயாவைக் காசு கொடுத்துப் பார்க்கிறோம். கப்பலேறிய துணியை வெளுத்த பேட்டையை, ஜன்னலோரம் உட்கார்ந்தும் பார்க்காமல் கடக்கிறோம். "உங்க ஏரியாவுல பாக்க என்ன இருக்கு?" என்று இனி யாராவது கேட்டால், ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடந்து வரச் சொல்வதாக இருக்கிறேன்.