சர்ச் ரிப்போர்ட்டில் வராத வில்லங்கம்

உதய்ப்பூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகிறது. போன மாதம் ஒரு வீட்டுக் கடன் ஃபைல் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், பழைய தொழிற்பேட்டையை ஒட்டி மனை வாங்குகிறார். நம்மூரில் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்போமே, அதுபோல இங்கே வக்கீலின் சர்ச் ரிப்போர்ட். முப்பது வருஷத்துக்கு ஒரு குறையும் இல்லை. இடத்தைப் பார்க்கப் போனேன். அடிபம்பை அடித்தால் தண்ணீர் வெளிர் மஞ்சளாக வருகிறது. முன்பு அங்கே சாயப்பொருள் பட்டறை இருந்ததாம். முதலாளி விற்றுவிட்டுப் போய் வெகுநாளாயிற்றாம். பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்.

இந்தப் பக்கத்துக்கு இது புதிதல்ல. உதய்ப்பூர் மாவட்டத்திலேயே பிச்ரி என்று ஒரு கிராமம். 1980களின் கடைசியில் அங்கே எச்-ஆசிட் (சாயத் தொழிலுக்கான ரசாயனம்) சுமார் 375 டன் தயாரித்தார்கள். விட்டுப்போன கசடு சுமார் 2,400 டன். விஷம் மண்ணுக்குள் இறங்கி, கிணறுகள் கறுத்துப்போயின. 1989-ல் வழக்கு. 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவர்தான் சுத்தம் செய்ய வேண்டும், 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்ற சாக்கு செல்லாது. பிறகு சீரமைப்புச் செலவு 37.385 கோடி ரூபாய் என்று கணக்கும் போட்டார்கள்.

கட்டினார்களா? மனு மேல் மனு போட்டு 15 வருஷம் இழுத்தார்கள். 2011 ஜூலையில் நீதிமன்றம் பிடித்தது பாருங்கள் ஒரு பிடி! 1997 நவம்பரிலிருந்து 12 சதவீதம் கூட்டு வட்டி. படித்ததும் கால்குலேட்டரை எடுத்தேன் (தொழில் புத்தி!). வருஷத்துக்கு ஒருமுறை வட்டி சேர்த்தால், அன்றைக்கே 175 கோடியைத் தாண்டுகிறது. இழுத்தடித்து லாபம் பார்க்க முடியாது என்று எங்கள் பாஷையிலேயே சொல்லிவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, ரசித்துப் படித்தேன்.

ஆனால் அங்கே பிடிக்க ஆள் இருந்தது. என் ஃபைலில் யாரைப் பிடிப்பது? மாசடைந்த இடங்களுக்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பொறுப்பாளியைக் கண்டுபிடித்து அவரிடமே செலவை வாங்க வேண்டும். ஆனால் அதற்கு முதலில் யாராவது அந்த இடத்தைச் சோதித்து, கெட்டுப்போனதென்று சொல்ல வேண்டுமே! அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது மாஸ்டர்ஜியின் பிள்ளைகள்.

மண், தண்ணீர் சோதனை அறிக்கை கேட்டேன். "வக்கீல் ரிப்போர்ட்தான் சுத்தமா இருக்கே மேனேஜர் சாப், கையில இருந்ததையெல்லாம் அட்வான்ஸ் கொடுத்துட்டேனே" என்றார். எங்கள் படிவத்தில் அப்படியொரு கேள்வியே கிடையாது. மேலிடத்திலோ "ஏன் இன்னும் பாஸாகலை?" என்று நச்சரிப்பு. தங்கமணியிடம் சொன்னேன். "நம்ம பிள்ளைங்கன்னா அங்க வீடு கட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஃபைல் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. மாஸ்டர்ஜி நாளைக்குப் பதினோரு மணிக்கு வருகிறார்.