படுக்க வைத்த கல்

யாக்கோபு ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்த கல்லையே, விடிந்ததும் நிமிர்த்தி நட்டு எண்ணெய் ஊற்றுகிறான். அந்த இடத்துக்குப் பெத்தேல், அதாவது கடவுளின் வீடு, என்று பெயர் வைக்கிறான். முகம் கிடையாது, கை கால் கிடையாது. கல் நிமிர்ந்து நின்றால் போதும். எபிரேயத்தில் அதற்கு மட்சேவா என்று பெயர். ‘நில்’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல். நெகேவ், சினாய் பாலைவனங்களில் உளி படாத இந்தக் கற்கள் இன்னமும் நிற்கின்றன.

ஆனால் அதே வேதாகமத்தில், உபாகமம் 16-ஆம் அதிகாரம் கல் நடாதே, கர்த்தர் அதை வெறுக்கிறார் என்கிறது. யோசியா ராஜா அவற்றைத் தகர்த்தான் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் எழுதிவைத்திருக்கிறது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அராத். நெகேவில் இருந்த யூதா நாட்டுக் கோட்டை அது. 1960-களில் யோஹனான் அஹரோனி அங்கே தோண்டியபோது உள்ளே ஒரு சின்னக் கோவில் கிடைத்தது. கருவறைக் கல்லையும் வாசலில் இருந்த இரண்டு தூபபீடங்களையும் யாரோ படுக்க வைத்து மண்ணால் மூடியிருந்தார்கள். ஒரு பீடத்தில் குந்திரிக்கம், இன்னொன்றில் கஞ்சா எரித்த எச்சம் இருந்தது 2020-இல் தெரியவந்தது.

எசேக்கியா ராஜாவின் சீர்திருத்தமா, எதிரிப்படை பற்றிய பயமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கைகளைப் பற்றித்தான் யோசனை. ஒரு சம்மட்டி போதுமே, ஏன் உடைக்கலை? நம்பிக்கை போய்ப் பல வருஷம் ஆச்சு. பழைய சாமி படத்தைக் குப்பையில் போட எனக்கு இன்னும் கை வரமாட்டேங்குது.

இன்றைய எபிரேயத்தில் மட்சேவா என்றால் கல்லறைக் கல்.