கண் சிமிட்டும் வைஃபை விளக்கு... நிறுத்துவது எப்படி?

லேப்டாப்பில் வைஃபை ஆனில் இருக்கிறதா என்று காட்ட ஒரு குட்டி விளக்கு இருக்கும். புது மாடல்கள் பலவற்றில் அது இல்லை. என்னுடையது செகண்ட் ஹேண்ட், அதில் இருக்கிறது.

விண்டோஸில் அமைதியாக எரிந்த அந்த விளக்கு, லினக்ஸுக்கு மாறியதும் விடாமல் கண் சிமிட்ட ஆரம்பித்தது. டேட்டா போய் வரும்போதெல்லாம் மினுக் மினுக். எங்கள் வீட்டில் ஹால்தான் படுக்கையறை, இரவு ஷிஃப்ட் வாரங்களில் அதுவே என் ஆபீஸ். அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. இருட்டில் மின்னி மின்னி அணையும் வெளிச்சம் ஆகவே ஆகாது.

ஒருநாள் ராத்திரி, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கின்மேல் ஒட்டிவிட்டார். "இனிமே அது பாட்டுக்கு தூங்கும்டா!"

தூங்கவில்லை. இரண்டு நாளில் பொட்டு உதிர்ந்தது. அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

லினக்ஸில் இந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வைஃபை டிரைவர்தான் முடிவு செய்கிறது. சிஸ் என்ற ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் லெட்ஸ் என்று போனால், சிஸ்டத்துக்குத் தெரிந்த விளக்குகள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 'ட்ரிக்கர்' என்றொரு ஃபைல். எதற்காக விளக்கு எரிய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. அதை 'நன்' என்று மாற்றினால் சிமிட்டல் நிற்கும். ஆனால், ரீஸ்டார்ட் செய்தால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

நிரந்தரமாக மாற்ற டிரைவரிடமே சொல்ல வேண்டும். இன்டெல் வைஃபை கார்டுகளுக்கான ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவரில் 'எல்இடி மோட்' என்ற செட்டிங் உண்டு. 0 என்றால் வழக்கமான நிலை. 1 என்றால் வைஃபை ஆனில் இருக்கும்வரை சீராக எரியும். 2 என்றால் சிமிட்டும். 3 என்றால் எரியவே எரியாது. இடிசி ஃபோல்டரில் உள்ள மாட்ப்ரோப்.டி-க்குள் ஒரே ஒரு வரி எழுதி, ரீஸ்டார்ட் செய்தால் போதும். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

நான் 1-ஐத் தேர்ந்தெடுத்தேன். நெட் வேலை செய்யாதபோது வைஃபை ஆனில் இருக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டுமே! அசையாமல் எரியும் வெளிச்சம் அம்மாவைத் தொந்தரவு செய்வதில்லை.

3-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். அணைவது விளக்கு மட்டும்தான். வைஃபை இயங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த வேண்டுமானால் வைஃபையையே ஆஃப் செய்ய வேண்டும், அல்லது ஏர்பிளேன் மோடுக்குப் போக வேண்டும்.