மன்னார் வழியே மலைநாட்டுக்கு

வியாசர்பாடி, புதன் இரவு

இலங்கைக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் கொழும்பில் இறங்கி, கண்டியில் தலதா மாளிகையைத் தரிசித்து, நுவரெலியாவின் குளிரை இரண்டொரு நாள் அனுபவித்து, தென்கரையில் கடலாடித் திரும்புவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. எங்களுக்கும் ஏற்பாட்டாளர் ஒருவர் அத்தகைய திட்டத்தையே வர்ணப் படங்களோடு வரைந்து கொடுத்தார். என் மனைவி அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "என்னங்க, எங்கம்மா வந்த வழி இதுல எங்கயும் இல்லியே" என்றாள். திட்டம் அத்துடன் மடித்து வைக்கப்பட்டது.

காலஞ்சென்ற என் மாமியார் டிக்கோயாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக்கிய பிறகு, 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கூடி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று, சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தையும் கேளாமல் உடன்படிக்கை செய்துகொண்டபோது, அவர் இந்தியாவின் பங்கில் விழுந்தார். எழுபதுகளில் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி, மண்டபம் முகாமில் சில காலம் இருந்து, முடிவில் எங்கள் வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தார். பர்மாவை விட்டு வந்தவர்களுக்கும் இடங்கொடுத்த பேட்டை இது. இங்கே யாரும் யாரையும் எந்த ஊர் என்று அதட்டிக் கேட்பதில்லை. என் தகப்பனார் பின்னி ஆலையில், அதாவது பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில், தறி ஓட்டியவர். ஆலை 1996-இல் மூடப்பட்ட பிறகும், 1918-இல் அவ்வாலைத் தொழிலாளர்களைக் கொண்டு வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த கதையைத் தாம் நேரில் கண்டதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலைக்காரன் மகனும் தோட்டக்காரி மகளும் நாளைக் காலை புறப்படுகிறோம்.

யாழ்ப்பாணம், வியாழன்

மீனம்பாக்கத்தில் ஏறிய சிறு விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே பறந்து பலாலியில் இறக்கிவிட்டது. மாலையில் பொது நூலகத்தின் வெண்ணிற முகப்பின் முன் நின்றோம். 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்ட அந்தக் கட்டிடத்தைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியுடையோர் பலர் உளர். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று ஒரு பத்திரிகையைப் படித்துவிட்டு வந்தேன். இரவு இடியப்பமும் சொதியும் சம்பலும். நாளைக்குக் கார் ஓட்டி வரப்போகும் அன்பர் விடுதிக்கே வந்து, "வெள்ளனக் கிளம்பினால் நல்லது, ஐயா" என்று எச்சரித்துச் சென்றார்.

மன்னார், வெள்ளி

நாவற்குழியில் பிரிந்து தெற்கே செல்லும் சாலையில், 2011-இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்ததும் பூநகரி. அதற்கப்பால் ஒருபுறம் உவர்நிலமும் மறுபுறம் வயலுமாக, ஆளரவமற்ற நீண்ட பாதை. இதை ரம்மியமான காட்சி என்று எந்தப் பிரயாண நூலும் சொல்லாது. யுத்தம் கடந்து சென்ற நிலத்துக்கு உரிய ஒரு வெறுமை அதில் இன்னும் இருக்கிறது. பாலாவிக் கரையில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைத் தரிசித்துவிட்டுக் கடலின் நடுவே இட்ட சாலை வழியாக மன்னார்த் தீவுக்குள் நுழைந்தோம். கழுதைகள் கடைத்தெருவில் சுதந்தரமாக உலவுகின்றன. அரபு வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரம் ஒன்று, பத்துப்பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரத்தோடு நிற்கிறது. ஊருக்கு ஊர் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் இப்படி அருகருகே அமைந்த நிலப்பகுதி இலங்கையில் வேறு உண்டா என்பது ஐயமே.

தலைமன்னாருக்குச் செல்லும்போது பிற்பகல். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, ஏறக்குறைய 30 கி.மீ. கடலைக் கடந்து, இந்தத் துறையில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சென்றார்கள். போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து சென்றுகொண்டிருந்த கப்பலையும் இனக்கலகம் நிறுத்தியது. யுத்தத்தில் தண்டவாளமும் போயிற்று. ரயில் 2015-இல் திரும்பி வந்துவிட்டது. கப்பல் வரவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு அப்பால், துருவேறிய இரும்புக் கால்களோடு பழைய இறங்குதுறை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது.

என் மனைவி அதைப் பார்த்துக் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "இங்கதான் அம்மாவோட தையல் மிஷினுக்கு வரி கேட்டாங்களாம்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறந்த மண்ணை விட்டுப் போகிறவள் மூட்டைமுடிச்சுகளை அவிழ்த்துக் காட்டிக் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது என்பதுதான் மாமியார் அத்துறையைப் பற்றி வாழ்நாளெல்லாம் சொன்ன ஒரே செய்தி. சரித்திர ஆசிரியர் எழுதும் பிரிவாற்றாமை அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

தம்புள்ள, சனி இரவு

இன்று கடந்த வழியே எங்கள் யாத்திரையின் உயிர்நாடி. மன்னாரிலிருந்து மதவாச்சி வரையிலும், அங்கிருந்து தெற்கே திரும்பி மிகிந்தலை, தம்புள்ள, மாத்தளை வரையிலும் செல்லும் பாதை, ரயில் வருவதற்கு முந்திய காலத்தில், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சி, ஆள்திரட்டும் கங்காணியின் பின்னே புறப்பட்ட ஏழை ஜனங்கள் கால்நடையாகவே சென்ற பாதையாகும். தலைமன்னாரிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 250 கி.மீ. நாங்கள் வங்காலைச் சதுப்பில் பூநாரைக் கூட்டத்தைக் கண்டு களித்து, மடு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, நடுவில் இரண்டு முறை தேத்தண்ணியும் குடித்து, குளிரூட்டிய காரில் வந்தே இடுப்பு வலிக்கிறது என்றால், தலையில் சட்டியும் இடுப்பில் பிள்ளையுமாகத் தண்ணீரற்ற காட்டில் அவர்கள் நடந்த நடையை என்னவென்று சொல்வது! வாந்திபேதியும் பெரியம்மையும் காட்டுக்காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. விழுந்தவர்களைத் தூக்கிச் செல்ல யாருக்கும் வலிமையில்லை; விட்டுச் சென்றார்கள். எத்தனை பேர் அவ்வாறு மாண்டார்கள் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு; பல்லாயிரவர் என்பதில் இல்லை.

"உந்தக் காட்டுக்குள்ளால தான் நடந்து போனவை எண்டு என்ர அப்பு சொல்லுறவர், ஐயா" என்று காரோட்டி மதவாச்சிக்கு அருகே கையை நீட்டிக் காட்டினார். இப்போது அங்கே காடும் அதிகமில்லை. வயலும் குளமும் வாழையுமாக இருக்கிறது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் இதே வழியில் நடந்து சென்றார்கள். அதை விட்டால், இந்த நீண்ட சாலையில் அம்மனிதர்களை நினைவூட்டும் அடையாளம் எதையும் நாங்கள் காணவில்லை. புத்தர் சிலைகளுக்கும் அரசர்களின் ஏரிகளுக்கும் அம்புக்குறிப் பலகைகள் தவறாமல் இருக்கின்றன.

சிகிரியாக் குன்றில் ஏறிக் காசியப்பனின் சித்திரங்களைக் காணவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. "நீங்க ஏறிட்டு வாங்க, நான் கீழ கடலை வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கேன்" என்று அவள் சொன்ன தொனியில் அநுமதியைவிட எச்சரிக்கையே மிகுந்திருந்ததால், குன்றைத் தூரத்திலிருந்தே சேவித்துவிட்டேன்.

மாத்தளை, ஞாயிறு

பாலையும் வெயிலும் முடிந்து, பாக்கும் மிளகும் ஏலமும் மணக்கத் தொடங்குகிற இடத்தில் மாத்தளை இருக்கிறது. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் மூச்சுவிட்ட ஊர் இது. இங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்தார்கள். அவர்கள் கும்பிட்ட இடமே முத்துமாரியம்மன் கோயிலாயிற்று என்று ஐதிகம். கோபுரம் வானளாவி நிற்கிறது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடுமாம். நோய்க்கு அஞ்சி நடந்த ஜனங்கள் நோய் தீர்க்கும் மாரியைத் தவிர வேறு எந்தத் தெய்வத்தை வழியின் முடிவில் வைத்திருக்க முடியும்? சந்நிதியில் என் மனைவி வெகுநேரம் நின்றாள். பிறகு திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்து, "தோட்டத்துல கொடுக்கணும்" என்றாள்.

கண்டியில் ஒரு பொழுது தங்கியது பற்றி விஸ்தாரமாக எழுதவேண்டியதில்லை. ஏரிக்கரையில் நடந்தபோது, அதை வெட்டுவித்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, நம் வேலூரில் சிறையிருந்து, 1832-இல் அங்கேயே இறந்தான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அரசனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, பத்தாண்டு கழியுமுன்பே அந்தப் பக்கத்து ஏழைகளை இந்தப் பக்கம் கொண்டுவரத் தொடங்கினார்கள்!

அட்டன், செவ்வாய்

கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் 1820-களில் காப்பித் தோட்டம் போட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டுமே ஆள் வேண்டும். ஆகவே வந்தவர்கள் திரும்பினார்கள். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைச் செடி வருஷம் முழுவதும் துளிர்ப்பது. வாரந்தோறும் கிள்ளாவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆகவே தோட்டத்துக்குக் குடும்பத்தோடு நிலையாக இருக்கும் ஜனங்களே தேவைப்பட்டார்கள். கணவனும் மனைவியும் குழந்தைகளுமாக இம்மலையில் வேரூன்றியதற்குக் காரணம் ஒரு செடியின் சுபாவம்.

புசல்லாவையைக் கடந்து இறம்பொடைக் கணவாயில் வளைந்து வளைந்து ஏறும்போது அருவிகள் பாறையை வெட்டிக்கொண்டு விழுகின்றன; மேகம் சாலைக்குக் கீழே மிதக்கிறது. சௌந்தரியம் என்றால் இதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் பச்சைக் கம்பளம் என்று எழுதிவைத்திருக்கும் அந்தச் சரிவு இயற்கை விரித்ததன்று. தேயிலையைத் தன்போக்கில் விட்டால் மரமாக ஓங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரந்தோறும் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி, மண் கரையாதிருக்கச் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, தலைமுறை தலைமுறையாக இடுப்புயரத்தில் அதை நிறுத்தி வைத்திருப்பவை மனிதர்களின் கைகள். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் அந்தப் பசுமையின் முன் நின்று படமெடுத்துக்கொண்ட புதுமணத் தம்பதிகளைக் கண்டேன். அவர்கள் மேல் குற்றமில்லை.

தம்பதிகள் என்றதும் வேறொரு தம்பதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர், அயலார் உள்ளே நுழையக்கூடாதென்று தோட்டங்களை அடைத்துவைத்திருந்த காலத்தில், புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டு எழுதியவர். 'தேசபக்தன்' நடத்தி, சட்டசபையில் வாதாடி, 1931-இல் இந்த அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர். அவர் மனைவி மீனாட்சியம்மையார் கூடவே தோட்டம் தோட்டமாகச் சென்று, கூலிகளுக்கு விளங்கும் எளிய பாட்டுகளைத் தாமே இயற்றிக் கூட்டங்களில் பாடினார். மெட்டுகள் ஜனங்களுக்குப் பழகியவை. பொருள் துரைமார்களுக்குப் பிடிக்காதது. இந்த மலைச்சாலைகளில் ஆணும் பெண்ணுமாக ஜோடியாகச் செய்யப்பட்ட பிரயாணங்களுள் அவர்களுடையதே தலையாயது என்பது என் தீர்ப்பு. எங்கள் தகப்பனார் இருந்திருந்தால் திரு.வி.க.வுக்கு அடுத்த நாற்காலியில் நடேசய்யரை உட்காரவைத்திருப்பார்.

டிக்கோயா, புதன்

என் மாமியார் குடும்பத்தில் அவருக்கு இந்தியா, அவர் தம்பிக்கு இலங்கை என்று காகிதம் வந்தது. அந்தத் தம்பியின் மகன் தோட்டத்து வாசலில் காத்திருந்தார். முன்பின் கண்டிராதவர், "வாங்க மதினி, வாங்கண்ணே" என்று பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம்; பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை; முன்னே சிறு திண்ணை. கூரைத் தகரம் மாறியிருக்கிறது, சுவர் மாறவில்லை. 2021-இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்குள் எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை பேச்சுவார்த்தை என்று அவர் விரலை மடக்கிச் சொன்னார், சொல்லும்போது கோபப்படவில்லை. நாடற்றிருந்தவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. நிலமும் வீட்டுரிமையும் பெரும்பாலோருக்கு இன்னும் கைக்கு எட்டவில்லை. அவர் மகள் கொழும்பில் கடைவேலை. மகன் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறான். "கொழுந்து எடுக்க இனிமே யாரும் இருக்க மாட்டாங்க அண்ணே" என்றார். வருத்தமா சந்தோஷமா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

என் மனைவி மாத்தளைத் திருநீற்றைக் கொடுத்தாள்; அவர் மனைவி ரொட்டியும் சம்பலும் வைத்தார். இரண்டு பெண்களும் அரை மணிக்குள் பேசத் தொடங்கியது நகை விலையைப் பற்றி. நாங்கள் இரண்டு ஆண்கள் மட்டும் சரித்திரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கொழும்பு, வெள்ளி

இந்நாட்டைப் பார்க்க விரும்பும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொழும்பில் இறங்கி மலைக்கு நேரே ஏறாதீர்கள்; யாழ்ப்பாணத்தில் இறங்கி, தலைமன்னாரைப் பார்த்து, மதவாச்சி, மாத்தளை வழியாக, நம் ஜனங்கள் போன வரிசையிலேயே போங்கள். நாங்கள் சென்றபோது சாலை முழுவதும் நன்றாக இருந்தது. தையும் மாசியும் உகந்த மாதங்கள். மன்னாரில் வெயில் சுடும், நுவரெலியாவில் கம்பளி வேண்டும்.