பின்னால் வரும் இன்ஜின்



சரக்கு இரயில் நமக்குப் புதியதன்று. 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இராயபுரம் நம்முடைய ஊர். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கையில், கடந்துபோகும் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நில்லாதவர் நம்மில் யார்? பெல்லாரி, ஹொசப்பேட்டைப் பகுதியின் இரும்புத் தாது நம் துறைமுகத்திற்கு இரயிலில் வந்ததையும், நிலக்கரித் தூசி நம் வீடுகளில் படிந்ததையும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2011-இல் உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின்பே அவை சென்னைத் துறைமுகத்தில் நின்றன.

நம் ஊர் சமதரை. நீண்ட வண்டியையும் முன்னால் உள்ள இன்ஜினே இழுத்துப்போகக் காண்கிறோம். மலையில் அப்படியன்று. பெங்களூரில் இறையியல் பயின்ற நாட்களில், விடுமுறை கிடைத்தால் நண்பர் ஒருவரின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, கர்நாடக எல்லையிலுள்ள காசில் ராக் என்னும் மலை நிலையத்திற்குச் செல்வேன். மர்மகோவா துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிய வண்டிகள் கோவாவின் குலேம் நிலையத்திலிருந்து, தூத்சாகர் அருவியைக் கடந்து அங்கே ஏறிவரும். 37 மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் உயரும் பாதை அது. இரயிலுக்கு அது மிகக் கடினமான ஏற்றம். ஆகையால் குலேமில் வண்டியின் பின்னாலும் இன்ஜின்களைச் சேர்ப்பார்கள். இரயில்வே ஊழியர் அவற்றைப் 'பேங்கர்' என்பார்கள்.

மழைக்காலத்து மூடுபனியில் முதலில் ஓசைதான் வரும். வண்டியோ மனிதன் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே விரைவாக ஊர்ந்து வரும். நேரான பாதையில் படமெடுத்தால் முன் இன்ஜின் மட்டுமே பதியும். வளைவில்தான் முன்னும் பின்னும் ஒரே சட்டத்திற்குள் அடங்கும். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள். வளைவுக்காகவே அவற்றில் பாதியைச் சேமித்து வைப்பேன். அந்தப் படங்கள் பழுப்பேறி இன்னும் என் மேசையில் இருக்கின்றன.

கலாத்தியர் நிருபம் 6-ஆம் அதிகாரத்தை வாசிக்கையில் அவற்றை நினைக்கிறேன். 2-ஆம் வசனத்தில் பிறருடைய சுமையில் தோள்கொடுக்கச் சொல்லுகிற பவுல், 5-ஆம் வசனத்தில் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு சுமை உண்டென்கிறார். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இரண்டிற்கும் 'பாரம்' என்ற ஒரே சொல். கிரேக்கத்தில் இரு சொற்கள். முதலாவது 'பாரோஸ்', மனிதனை நசுக்கும் கனம். இரண்டாவது 'ஃபோர்டியோன்', ஒருவன் சுமந்தாகவேண்டிய மூட்டை. கப்பலின் சரக்கையும் கிரேக்கர் அச்சொல்லால் குறித்தார்கள். துறைமுகத்தில் உழைத்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

பேங்கர் இன்ஜின் வண்டியின் சரக்கில் ஒரு கூடையையும் இறக்குவதில்லை. சரக்கு வண்டியிலேயே இருக்கும். ஏற்றத்தின் கனத்தை மட்டும் அது பகிர்ந்துகொள்கிறது. மேலே சேர்ந்ததும் கழன்று, அடுத்த வண்டிக்காக மீண்டும் அடிவாரத்திற்கு இறங்குகிறது.

என் மனைவி நோயுற்றிருந்த பதினான்கு மாதங்களில், ஞாயிறுதோறும் நான் பிரசங்க மேடையில் நின்றதை நீங்கள் கண்டீர்கள். மருத்துவமனை வராந்தாவில் இரவுகளில் விழித்திருந்த சகோதரரை எல்லாரும் கண்டதில்லை. காலை ஐந்து மணிக்குத் திருவொற்றியூரிலிருந்து கஞ்சி கொண்டுவந்த தாயாரையும் கண்டதில்லை. அவர்கள் என் துக்கத்தை எடுத்துப்போடவில்லை. அது எவராலும் கூடாதது. அவள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அந்தச் சரக்கு இன்றும் என்னுடையதே. ஆனால் அந்த ஏற்றத்தில் நான் பின்னோக்கிச் சரிந்துவிடாதபடி அவர்கள் தள்ளினார்கள். வளைவில் திரும்பியபோதுதான் அவர்களைக் கண்டேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். பின்னால் வரும் ஓட்டுநரால் முன்னாலுள்ள பாதையைக் காண இயலாது. ஆகையால் முன் இன்ஜின் ஊதும்; பின் இன்ஜின் பதிலுக்கு ஊதும். அதன் பின்பே இரண்டும் சேர்ந்து வலுக்கொடுக்கும். வேலை போன செய்தியை வீட்டிலும் சொல்லாமல், தினமும் சாப்பாட்டுப் பையுடன் புறப்பட்டுப்போகிறவர்கள் நம் நடுவில் இருக்கலாம். வட்டிக்கு வாங்கியதை மறைத்துத் தவிக்கிறவர்களும் இருக்கலாம். அருமையானவர்களே, ஊதுங்கள். உங்கள் குரல் கேளாமல் பின்னால் இருப்பவர் எப்படி அறிவார்? உதவி கேட்பது விசுவாசக் குறைவன்று.

சமதரையில் இருக்கிறவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் ஏற்றத்தில் இருப்பவர் யாரென்று பாருங்கள். புத்திமதியைவிட ஒரு வேளைச் சாப்பாடும், மருத்துவமனைக்கு ஒரு துணையும் அவரை மேலே கொண்டுசேர்க்கும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்குப் பின்னால் நின்று தள்ளியவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். கேட்கும் தாழ்மையையும், பேர் விளங்காமல் உதவும் மனதையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.