நடுக்கத்திற்கு முன்னே

முதுமையின் போர்வைக்குள் மறைந்து வரும் நோய்கள் பல. அவற்றுள் ஒன்று நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இதனை ஒரு சிறு நூலாக விளக்கியெழுதினார். அவர் பெயரே பின்னர் நோய்க்கும் பெயராயிற்று.

மூளையின் நடுத்தண்டில் கருநிறத் திட்டாக அமைந்த நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நம் அசைவுகள் இசைவுற நிகழ்வதற்கு அதுவே துணை. அவ்வணுக்கள் மெல்ல மடிவதால் இந்நோய் விளைகிறது. கை நடுங்கத் தொடங்கும் வேளையில் அவற்றுள் கணிசமானவை அழிந்துபட்டிருக்கும். ஆதலின் நடுக்கத்திற்கு முன் தோன்றும் குறிகளை அறிதல் வேண்டும். மணமறியும் ஆற்றல் குன்றல், நெடுநாள் மலச்சிக்கல், கனவுக்கேற்ப உறக்கத்தில் கைகால் வீசுதல் ஆகியன பல்லாண்டுகள் முன்னரே தோன்றக்கூடும். நடையில் ஒரு கை வீசாமை, குரல் தாழ்தல், எழுத்துச் சிறுத்தல் ஆகியவை பின்தொடரும். ஒரு குறி மட்டும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பல சேரின் நரம்பியல் மருத்துவரை நாடுதல் தகும்.

எம் அத்தா துணிக்கடையில் கணக்கெழுதியவர். அவருடைய அறுபத்திரண்டாம் வயதில், வரியின் தொடக்கத்தில் பெரிதாய் நின்ற எழுத்து வரி முடிவில் எறும்புச் சாரையாய்ச் சுருங்கலாயிற்று. “ராவுத்தரே, கண்ணாடியை மாத்திப் பாருங்க” என்றார் கடை முதலாளி. கண் மருத்துவரோ பார்வையில் குறையில்லை என்றார். அத்தாவின் வலக்கை வீசாமல் தொங்குவதைக் கண்டு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் ஒரு வரி எழுதச் செய்தும், விரல்களைத் தட்டச் செய்தும், நடக்கச் செய்தும் நோயைக் கணித்தார். லெவோடோபா மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அத்தா தம் சட்டைப் பொத்தானைத் தாமே பூட்டினார்.

அம்மருந்துப் பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் பிரித்தெடுத்தோர் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் என்பதை யாம் பின்னர் அறிந்து வியந்தோம். அதனால் விதையை அளவறியாது உண்ணலாகாது. மாத்திரையும் நோயை வேரறுப்பதன்று. குறிகளைத் தணித்து, உடற்பயிற்சியோடு சேர்ந்து, பிறர் கையை எதிர்பாராது வாழும் ஆண்டுகளை நீட்டித் தருவது.

இரமலான் வந்தபோதே உண்மைச் சோதனை வந்தது. மாத்திரையை நாளில் பலமுறை நேரந்தவறாது உண்ண வேண்டும். திடீரென நிறுத்துதல் ஆபத்து. “நாப்பது வருசமா ஒரு நோன்பு விட்டதில்லை” என்று அத்தா கண்கலங்கினார். பள்ளிவாசல் இமாம் இல்லம் தேடி வந்து, “நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதல்தான் அத்தா” என்றார். அன்று முதல் நோன்புக்கு ஈடாக நாளும் ஓர் ஏழைக்கு உணவளித்தார் அத்தா. மருந்தும் தவறவில்லை, மனமும் ஆறியது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து மூத்தோர் முன்பு எழுதிய கடிதத்தையும் இன்று இடும் கையொப்பத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எழுத்து சிறுத்திருப்பின் “வயதாயிற்று” என்று கடந்துவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.